ஐந்தாவது பொட்டு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஆழமாக எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். எழுத்தாளர்கள் அதில் கெட்டிக்காரர்கள். உண்மை என்னவென்றால், போன ஆண்டு என் மகளுடைய பிறந்தநாளுக்கு ஒரு பொம்மை வீடு வாங்கினேன். பலகைகள் தனித்தனியாகப் பெட்டிக்குள் வந்தன. சேர்த்து நிறுத்துவது வாங்கியவன் பாடு. சுவர்களை நிறுத்திவிட்டேன். கூரையையும் ஏற்றிவிட்டேன். கதவுகளையும் ஜன்னல்களையும் பொருத்தி முடித்து, அதன் பிறகு ஆசை ஆசையாக நீல வண்ணம் அடித்தேன். மறுநாள் காலையில் ஒரு கதவும் திறக்கவில்லை. வண்ணம் இடுக்குகளில் இறங்கிக் காய்ந்து, கதவையும் நிலையையும் ஒரே கட்டையாக ஆக்கியிருந்தது. கத்தி வைத்து நெம்பியதில் தலைவாசல் கதவு இரண்டாகப் பிளந்தது. என் மகள் ஒரு வாரம் அதைப் பார்த்தாள். பிறகு அதன் கூரைமேல் பள்ளிக்கூடப் பையை வைக்க ஆரம்பித்தாள்.

எங்கள் வீட்டு அலமாரியைச் சரிசெய்ய வந்த தச்சர் அதைப் பார்த்துவிட்டு, "பூசிட்டு மாட்டணும் சார், மாட்டிட்டுப் பூசக் கூடாது" என்றார். சிரிக்காமல் சொன்னார், அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. இருபத்தைந்து வருஷமாக எழுதுகிறேன், இந்தச் சின்ன விஷயம் தெரியவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன்: பூசிவிட்டு மாட்டத் தெரிந்த ஒரு மனிதனை உருவாக்கி, அவன் கையால் ஒரு பொம்மை வீட்டைச் சரியாகச் செய்ய வைப்பது. ஒரு கதை எழுத இது நல்ல காரணமே இல்லை. ஆனால் இதுதான் காரணம்.

இரங்கூன் எதற்கு? இப்போது யாங்கோன் என்கிற அந்த ஊருக்கு ஒரே ஒரு முறை போயிருக்கிறேன், ஆறு நாள். பபேடான் தெருக்களில் கால் வலிக்க நடந்து சமோசா தின்றதைத் தவிர உருப்படியாக எதுவும் செய்யவில்லை. அங்கே ஜெபதாஸ் என்று ஒரு நண்பர் கிடைத்தார். ஷ்வேப்யிதா பக்கம் ஒரு துணி ஆலையில் மேற்பார்வையாளர். நான் எழுதியதை அவருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டுவேன், அவர் தப்பு சொல்வார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள் எதற்கு? அந்தக் காலத்தை நேரில் பார்த்து, நான் செய்யும் தப்புகளைச் சொல்லக்கூடியவர்கள் இப்போது யாரும் இல்லை.

2

தொடக்கங்கள். அடித்துவிட்டேன், ஆனால் படிக்க முடியும்.

(அ) "1926, மாசி மாதம். இரங்கூன் நகரத்தின்மேல் பொன்னிற வெயில்—"
[பர்மா என்றதும் ஏன் எல்லாருக்கும் பொன் வந்துவிடுகிறது? நிறுத்தினேன்.]

(ஆ) "சபாபதி ஒரு ஏமாற்றுக்காரன்."
[இப்படி ஆரம்பித்தால் மிச்சமெல்லாம் தீர்ப்பு. நான் நீதிபதி இல்லை.]

(இ) "சபாபதி நல்லவன்."
[இரண்டு நாள் இந்த வாக்கியத்தோடு இருந்தேன். எனக்கே சிரிப்பு வந்தது.]

(ஈ) "சபாபதி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்குத் துண்டுகளைத் தரையில் பரப்பினான்."

இது பரவாயில்லை. பரப்பட்டும். அதற்குள் அவன் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

3

சபாபதிக்கு முப்பத்தாறு வயது. ஆற்றோரத்து மர மில் ஒன்றில், வீடுகளுக்குக் கதவும் ஜன்னலும் செய்யும் பிரிவில் வேலை. இரங்கூனுக்கு வந்து பன்னிரண்டு வருஷம். பபேடானில் ஒரு மாடி அறையில் மா ஷ்வே என்ற பர்மியப் பெண்ணோடு ஏழு வருஷமாகக் குடும்பம். மா ஷ்வே பானை வியாபாரம் செய்கிறாள். த்வாண்டேயில் குயவர் வீட்டில் பிறந்தவள், அங்கிருந்து படகில் வரும் சரக்கைச் சந்தையில் விற்கிறாள். இவர்களுக்கு ஆறு வயதில் ஒரு மகள். அப்பா வைத்த பெயர் நீலாம்பாள். அம்மா கூப்பிடுவது தமீ; பர்மிய மொழியில் மகளே என்று அர்த்தம்.

தெருவின் கண்ணுக்கு அவர்கள் கணவன் மனைவி. [சட்டத்தின் கண்ணுக்கு? இந்துவோடு குடும்பம் நடத்திய ஒரு பர்மியப் பெண் அன்றைய நீதிமன்றத்தில் போய் நான் இவன் மனைவி என்று நிரூபிப்பது லேசான காரியம் இல்லை. இதற்கு மேல் சட்டம் பேசினால் கதை தூங்கிவிடும்.]

சபாபதி மா ஷ்வேயிடம் தன் ஊரைப் பற்றிச் சொன்னது இவ்வளவுதான்: ஊரில் ஒரு வீடு இருக்கிறது, அதில் அண்ணன் மட்டும் இருக்கிறார், அண்ணி இறந்து பத்து வருஷம் ஆகிறது. வீடு இருப்பது உண்மை. அண்ணி இறந்ததும் உண்மை. அண்ணன் மட்டும் என்பது பொய். அந்த வீட்டில் சபாபதியின் மனைவி இருக்கிறாள். கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். பிள்ளை இல்லை.

வாசகர்களிடம் இதை மறைத்து வைத்துக் கடைசியில் அவிழ்க்கலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு, மா ஷ்வே ஒருத்தி ஏமாந்தது போதும், உங்களையும் எதற்கு ஏமாற்றுவது என்று விட்டுவிட்டேன்.

இப்போது அண்ணனிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. "குழந்தையை ஒரு தடவை கூட்டிவா, இந்த வீட்டிலும் ஒரு பிள்ளைச் சத்தம் கேட்கட்டும்" என்று எழுதியிருக்கிறார். வியாழக்கிழமை சென்னைப் பட்டணத்துக்குக் கப்பல். மூன்று மாதம் இருந்துவிட்டு வந்துவிடுவோம் என்று சபாபதி சொல்கிறான். தனி ஆளான ஒரு பெரியப்பா தானே, பார்த்துவிட்டு வரட்டும் என்று மா ஷ்வேயும் சம்மதித்துவிட்டாள். இந்தக் கதையில் தெரியவேண்டியது ஒன்றுதான்: வியாழக்கிழமை நீலா கப்பல் ஏறுவாளா, மாட்டாளா?

[சபாபதி அவளை அங்கேயே விட்டுவிட்டு வர நினைத்தானா? பல தடவை அவனிடம் கேட்டேன். அவன் தன்னையே அந்தக் கேள்வி கேட்டுக்கொள்ளவில்லை என்று தோன்றுகிறது. இப்படிப்பட்டவர்கள் ஒரு காரியத்தைச் செய்து முடித்த பிறகுதான் முன்பே தீர்மானித்துவிட்டோம் என்று கண்டுபிடிப்பார்கள்.]

நீலாவுக்குப் பயம். பார்க்காத வீடு. அவள் ஜன்னலோரத்தில் படுத்துப் பழகியவள்.

"அங்க ஜன்னல் இருக்குமா அப்பா?"

"இருக்கும்."

"பெருசா?"

சபாபதிக்கு வாயால் விளக்கத் தெரியாது. கையால் தெரியும். அதனால்தான் ஊர் வீட்டை அப்படியே பொம்மையாகச் செய்து காட்ட, அந்த ஞாயிற்றுக்கிழமை தேக்குத் துண்டுகளைத் தரையில் பரப்பினான்.

4

வீட்டின் உடம்பு மில்லில் கழித்துப்போட்ட பலகை. இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம். அதை முந்தைய வாரமே ஆணியடித்து நிறுத்தியிருந்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு மிச்சமிருந்தது கதவும் ஜன்னலும். தலைவாசலுக்கு இரட்டைக் கதவு, கொல்லைப்பக்கம் ஒற்றைக் கதவு, ஆறு ஜன்னல். சிகரெட் டப்பாத் தகரத்தை வெட்டி, குண்டூசியில் சுருட்டிக் கீல் செய்திருந்தான். ஜன்னலுக்குக் கம்பியாகத் துடைப்பக் குச்சி.

எல்லாவற்றையும் கழற்றிய நிலையில் வரிசையாகக் காகிதத்தில் பரப்பி வைத்துப் பூசினான். (பாருங்கள், பூசிவிட்டுத்தான் மாட்டுகிறான்.) கதவுகளுக்கு அரக்கு நிறம், ஜன்னல்களுக்குப் பச்சை. மில்லில் டப்பாவின் அடியில் தங்கியதை வாங்கி வந்து எண்ணெய் விட்டு இளக்கியிருந்தான். ஒரு பக்கம் பூசி, காயவிட்டு, திருப்பிப் போட்டு மறுபக்கம். பிறகு இன்னொரு பூச்சு. நீலா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தாள்.

"எத்தன ஜன்னல் அப்பா?"

"ஆறு."

"நான் எது கிட்ட படுப்பேன்?"

அவன் வலப்பக்கத்து இரண்டாவது துளையைக் காட்டினான். "காத்து நல்லா வரும். வெளிய ஒரு கிணறு தெரியும்."

"நம்ம ஜன்னல்ல டிராம் வண்டி தெரியுதே."

"அங்க டிராம் இல்ல."

நீலா விசிறுவதை நிறுத்திவிட்டு இதை யோசித்தாள்.

மாலையில் கதவை மாட்டிப் பார்த்தான். இரட்டைக் கதவு மூடவில்லை. இரண்டும் நடுவில் முட்டிக்கொண்டு நின்றன. மில்லில் ஏழடிக் கதவென்றால் சுற்றிலும் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், இடைவெளி விடுவார்கள், பூச்சு எவ்வளவு ஏறினாலும் தாங்கும். இதற்கு அவன் ஒரு காகிதம் நுழையும் இடம்தான் விட்டிருந்தான். இரண்டு தடவை பூசிய வண்ணம் அந்தக் காகித இடத்தைத் தின்றுவிட்டது. பெரிய கதவுகளிலேயே பழகியவன் செய்யும் தப்பு. சபாபதிக்குத் தன்மேலேயே சிரிப்பு வந்தது. "பன்னெண்டு வருஷம் கதவு மாட்டிருக்கேன், இந்தா இத்தனூண்டு கதவு என்னை முழிக்க வைக்குது பாரு" என்று மகளிடம் சொன்னான். கீலைக் கழற்றி, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்த் துணியால் மெல்ல ஒற்றி, மறுபடி மாட்டினான். இந்தத் தடவை கதவு சத்தமில்லாமல் மூடியது. நீலா திறந்தாள், மூடினாள், திறந்தாள். எத்தனை தடவை என்று எழுத ஆரம்பித்து விட்டுவிட்டேன்.

[இந்த இடத்தில் எனக்குப் பொறாமையாக இருந்தது. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே.]

5

இங்கேதான் நான் சபாபதியைச் சந்தேகப்பட்டேன். சந்தேகம் அவன் நல்லவனா கெட்டவனா என்பதில் இல்லை. ஏழு வருஷம் ஒரு பொய்யைக் காப்பாற்றியவன் இப்படி ஒரு தப்பைச் செய்வானா என்பதில்தான். விஷயம் இதுதான்: கதவு மாட்டி முடித்ததும் அவன் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. தீக்குச்சி ஒன்றை எடுத்தான். தலைவாசல் நிலைப்படிக்கு மஞ்சள் பூசினான். அது லேசாக இறுகியதும் தீக்குச்சி முனையால் சிவப்புப் பொட்டு வைத்தான், வரிசையாக ஐந்து. ஒவ்வொரு சிவப்புக்கும் கீழே குண்டூசித் தலையால் ஒரு வெள்ளைப் புள்ளி. ஐந்தாவது பொட்டு மற்ற நான்கின் வரிசையை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்கி உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை தோறும் நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பது நம் வீடுகளில் உள்ள வழக்கம். பெண்கள் செய்வது. சபாபதிக்கு அது வழக்கமாகவே தெரியவில்லை. நிலைக்குக் கால் இரண்டு, படி ஒன்று, படிக்கு மஞ்சள். அவன் கண்ணில் கதவு என்றால் இதெல்லாம் சேர்ந்ததுதான். தாழ்ப்பாளை விட்டுவிட்டால் எப்படிக் குறையோ, மஞ்சளை விட்டாலும் அப்படித்தான். கிணறு எந்தப் பக்கம் என்று யோசித்து வைத்தவன், ஜன்னலை எண்ணிப் பார்த்து வைத்தவன், இதை யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் வைத்திருக்க மாட்டான்.

ஜெபதாஸிடம் கேட்டேன். "இவ்வளவு முட்டாளா இருப்பானா?"

"முட்டாளா இருக்க மாட்டான் சார். கைவேலக்காரனா இருப்பான்" என்றார்.

ஒப்புக்கொண்டேன். பொட்டு அப்படியே இருக்கட்டும்.

6

மா ஷ்வே சந்தையிலிருந்து திரும்பி வந்தபோது கன்னத்தில் பூசியிருந்த தனாக்கா மரப்பட்டைச் சாந்து வியர்வையில் திட்டுத்திட்டாகக் கலைந்திருந்தது. கூடையை இறக்கிவிட்டு வீட்டைப் பார்த்தாள். மகள் கதவைத் திறந்து காட்டினாள், மூடிக் காட்டினாள். மா ஷ்வே நிலைப்படியின் ஓரத்தில் ஒரு விரலை வைத்து, மெதுவாக இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓட்டினாள். விரலில் மஞ்சள் ஒட்டியது, இன்னும் காயவில்லை.

"நல்லா இருக்கு" என்றாள்.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். த்வாண்டேயில் அவள் அப்பாவின் கொட்டகையில் ஐந்து பேர் சக்கரம் சுற்றினார்கள். எல்லாரும் ஒரே மாதிரிப் பானைதான் செய்வார்கள், அடையாளம் எதுவும் போட மாட்டார்கள். ஆனாலும் சூளை பிரித்த அன்று, கலந்து கிடக்கும் பானைகளின் விளிம்பில் விரலை ஓட்டி, இது யார் செய்தது, அது யார் செய்தது என்று பத்து வயதிலேயே அவள் பிரித்து வைத்துவிடுவாள். ஒருத்தர் விளிம்பை உள்பக்கம் மடிப்பார், ஒருத்தர் கட்டைவிரலை எடுக்கும்போது ஒரு சின்னப் பள்ளம் விழும். மறைக்கப் பார்த்தாலும் கை தானாகச் செய்துவிடும்.

திங்கட்கிழமை காலையில் கீழ்வீட்டு அம்சவேணியிடம் போனாள். அம்சவேணியின் கணவருக்கு முனிசிபாலிட்டியில் வேலை. அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வெள்ளிக்கெழம வாசப்படிக்கு மஞ்சா போடுறீங்களே, அது யாரு போடணும்?"

"வீட்டுப் பொம்பளதான் போடணும். வேற யாரு போடுவா?"

"ஆம்பள போடலாமா?"

"அதுங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியுது? திங்கத் தெரியும்." அம்சவேணி சிரித்தாள். "ஏன் கேக்குற?"

"பொம்பள இல்லாத வூட்ல?"

"பொம்பள இல்லாத வூட்ல ஏதுடி மஞ்ச—"

அம்சவேணி அங்கே நிறுத்திவிட்டாள். முறத்தைத் தட்டி, இல்லாத கல்லைப் பொறுக்க ஆரம்பித்தாள். மா ஷ்வே அவள் தலைவகிட்டையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அந்தத் தெருவில் சபாபதியின் ஊர்க் கல்யாணம் தெரியாத தமிழர் ஒருவர்கூட இல்லை. அம்சவேணி ஏழு வருஷம் அவளோடு குழம்பு மாற்றிக்கொண்டிருக்கிறாள், அவள் பிரசவத்தில் கூட இருந்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

[இந்தக் கதையில் யார்மேலாவது எனக்குக் கோபம் என்றால் அது அம்சவேணிமேல்தான். பிறகு நினைத்துப் பார்த்தேன், அவள் இடத்தில் நானாக இருந்தாலும் கல்தான் பொறுக்கியிருப்பேன்.]

7

செவ்வாய்க்கிழமை காலை. சபாபதி விடுப்பில் இருக்கிறான். கொல்லைப்பக்கத்துக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருக்கிறான். நீலா கீழே விளையாடப் போயிருக்கிறாள். மா ஷ்வே வந்து பொம்மை வீட்டுக்கு எதிர்ப்புறம் உட்கார்கிறாள்.

"கோ சபா" என்றாள். (கோ என்பது மதிக்கும் ஆண்பிள்ளையின் பெயருக்கு முன்னால் பர்மியர் சேர்ப்பது. கோபத்திலும் அவள் அதை விடவில்லை.) "இந்த அஞ்சு பொட்டு யாரு வெச்சது?"

"நான்தான். நீதான் பாத்தியே."

"நீ வெச்சது தெரியுது. யாரப் பாத்து வெச்ச?"

"எல்லார் வீட்லயும் இப்படித்தான் இருக்கும்."

"அக்கா வூட்ல மூணு. எதுர்த்த வூட்லயும் மூணு. வெள்ளப் பொட்டு எங்கயும் இல்ல. இங்க அஞ்சு, அடியில வெள்ள. கடேசி ஒன்னு எறங்கி இருக்கு."

"கை தவறிடுச்சு."

"உன் கை தவறாது. ஆறு ஜன்னல் வெச்சிருக்க. ஒன்னுகூட கோண இல்ல. இது ஒன்னு மட்டும் கோணுது. இது உன் கை இல்ல, கோ சபா. வேற ஆள் கை. யாரு அது?"

சபாபதியின் முகம்—
[முகத்தை எழுத வேண்டாம்.]
அவன் நெஞ்சுக்குள்—
[அங்கே போகவும் எனக்கு அனுமதி இல்லை.]

"அண்ணி அப்படித்தான் வெப்பாங்க" என்றான்.

"அண்ணி செத்துப் பத்து வருஷம் சொன்ன. அக்கா வூட்ல மழ பேஞ்சா மஞ்சா ஒரு நாள்ல போவுது. நீ நாலு வருஷம் முன்னாடி ஊருக்குப் போன. அப்ப பாத்ததா இது? அப்ப அத வெச்சது யாரு?"

சபாபதி தாழ்ப்பாளைக் கீழே வைத்தான். கீழே தெருவில் யாரோ மீன் விலை கேட்டார்கள்.

"எனக்கு ஊர்ல கல்யாணம் ஆயிருக்கு" என்றான். "உன்னைப் பாக்குறதுக்கு முன்னாடி."

"பிள்ள?"

"இல்ல."

அப்போதுதான் அவளுக்கு மிச்சமும் புரிந்தது. "அதான் தமீயக் கேக்குறாங்களா?"

"மூணு மாசம்தான் ஷ்வே. சத்தியமா கூட்டிட்டு வந்துருவேன்."

"பிள்ள இல்லாத வூட்டுக்குப் பிள்ளயக் கொண்டு போற. திருப்பி யாரு குடுப்பா?"

அவன் தாழ்ப்பாளை மறுபடி கையில் எடுத்தான். அவள் மறுபடி கேட்கவும் இல்லை. எழுந்து போய் அரிசி களைந்தாள்.

முதல் வரைவில் இந்த இடத்தில் மா ஷ்வே கதறி அழுது பொம்மை வீட்டைத் தூக்கி மாடியிலிருந்து தெருவில் எறிந்தாள். எழுதும்போது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கூரை தனியாக, ஜன்னல் தனியாகப் பறந்தது. ஜெபதாஸிடம் வாசித்தேன். மறுமுனையில் இருமல் சத்தம்.

"எறிய மாட்டாங்க சார்."

"ஏன்?"

"என் வூட்டம்மா பர்மாக்காரிதான். இருபத்திரண்டு வருஷம் பாத்துட்டேன். கத்த மாட்டாங்க. ஒரு தடவ கேப்பாங்க. பதில் சரியில்லன்னா அப்புறம் கேக்கவே மாட்டாங்க. அதுதான் சார் பயம்."

எல்லாப் பெண்களும் உங்கள் வீட்டுப் பெண்மணி மாதிரியா என்று கேட்க நினைத்தேன். ஆனால் அவர் சொன்னதில் அவருடைய சொந்தக் கதை ஏதோ இருந்த மாதிரிப் பட்டது. கேட்கவில்லை. வீட்டைத் தெருவிலிருந்து பொறுக்கி எடுத்து, ஜன்னல்களைத் திரும்ப மாட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

8

முடிவுகள். மூன்று எழுதினேன்.

முதல் முடிவு: மா ஷ்வே பிள்ளையை அனுப்பவில்லை. சபாபதி தனியாகக் கப்பல் ஏறினான். இரண்டு வருஷம் கடிதம் வந்தது, பிறகு நின்றது. அன்றைய இரங்கூனில் நிறைய நடந்திருக்கக்கூடியது இதுதான் என்று நினைக்கிறேன். நீலா ஜன்னலோரத்தில் படுத்து டிராம் வண்டி பார்த்து வளர்ந்தாள். இதில் எனக்கிருந்த சிக்கல், சபாபதி இவ்வளவு சுலபமாகத் தப்பித்துவிடுகிறான் என்பது. நிலைப்படியில் ஐந்து பொட்டு வைத்தவளும் கடைசிவரை ஒன்றும் அறியாமலே அவனுக்குச் சோறு போடுவாள்.

இரண்டாவது முடிவு: நீலா போனாள். இதைத்தான் ரொம்ப நன்றாக எழுதினேன், மூன்று பக்கம். ஊர் வீட்டுக்காரி முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், நாலாம் நாள் பிள்ளைக்குத் தலைவாரிவிட்டாள், ஒரு மாதத்தில் மடியில் போட்டுக்கொண்டாள். நீலா பர்மியப் பேச்சை மறந்தாள். பிள்ளை சுகமாக இருந்தாள். படித்துப் பார்த்தபோது கண் கலங்கியது. பிறகு, சரி, மா ஷ்வே என்ன ஆனாள் என்று தேடினேன். மூன்று பக்கத்திலும் அவள் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. நானே அவளைத் தொலைத்துவிட்டிருந்தேன். மூன்று பக்கத்தையும் கிழித்தேன்.

மூன்றாவது முடிவு: சபாபதி போகவில்லை. பயணச்சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, வியாழக்கிழமை காலை மில்லுக்குப் போனான். இது சபாபதிக்காக எழுதியது. கதவை அவ்வளவு அழகாக மாட்டியவனைக் கெட்டவனாக விட எனக்கு மனசில்லை. ஆனால் அவன் போகாமல் இருந்தால், அங்கே ஒருத்தி வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக்கொண்டே இருப்பாள். யாருக்காக என்று அவளுக்கு ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

எந்த முடிவை எடுத்தாலும் ஒரு ஆள் குறைகிறது.

9

புதன்கிழமை. கப்பலுக்கு ஒரு நாள்.

பெட்டி பாதி கட்டிய நிலையில் திறந்து கிடக்கிறது. நீலாவின் சட்டைகள் இரண்டு அதன் உள்ளே, இரண்டு வெளியே. மா ஷ்வே அவற்றை உள்ளேயும் வைக்கவில்லை, எடுக்கவும் இல்லை. நேற்றிலிருந்து அவள் சபாபதியோடு பேசவில்லை. சபாபதி சுவரோரமாக உட்கார்ந்திருக்கிறான். காலையிலிருந்து அவன் மூன்று தடவை, "நீ வேணாம்னு சொன்னா நான் பிள்ளயக் கூட்டிட்டுப் போகல" என்று சொல்லிவிட்டான். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அவளாகச் சொல்லித் தன்னை விடுவிக்கவேண்டும் என்று அவன் எதிர்பார்ப்பது அவளுக்குத் தெரிகிறது. அந்த வேலையை அவள் அவனுக்குச் செய்து தரப்போவதில்லை.

நீலாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஒரே அறை. ஆறு வயதுப் பிள்ளைக்குக் காது உண்டு. அவள் பொம்மை வீட்டின் முன்னால் வயிற்றை அழுத்திப் படுத்து, ஒரு கண்ணை மூடி, இரட்டைக் கதவு வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே எதுவும் இல்லை, வெறும் பலகைத் தரை.

"அப்பா."

"என்னம்மா?"

"அந்த வூட்ல ஒரு அம்மா இருக்காங்களா?"

சபாபதி மா ஷ்வேயைப் பார்த்தான். மா ஷ்வே வெளியே பார்த்தாள்.

"இருக்காங்க" என்றான்.

"நான் வர்றது அவங்களுக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்வியை நான் திட்டமிடவில்லை. பேனா ஓடிக்கொண்டிருந்தது, பிள்ளை கேட்டுவிட்டாள். சபாபதி வாயைத் திறந்தான். அண்ணனுக்குத்தான் அவன் எழுதியிருக்கிறான், மனைவிக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்த மா ஷ்வே முதல் முறையாகத் திரும்பினாள். நேற்றிலிருந்து அவள் ஐந்து பொட்டு வைத்த அந்தக் கையின்மேல் கோபமாக இருந்தாள். அந்தக் கையும் தன்னைப் போலவே ஒன்றும் தெரியாமல் இருக்கிறது என்று இப்போதுதான் அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இந்தக் கதையில் அம்சவேணிக்குக்கூட ஒரு பெயர் கொடுத்தேன். தொலைபேசியில் இருமும் ஜெபதாஸுக்குப் பெயர் உண்டு. ஐந்து பொட்டு வைத்தவளுக்குப் பெயர் வைக்கவில்லை. அவளுடைய வீட்டில் எத்தனை ஜன்னல், கிணறு எந்தப் பக்கம், எல்லாம் எனக்குத் தெரியும். அவளுக்கு மூன்று முடிவு எழுதினேன், மூன்றிலும் அவள் வாயைத் திறக்கவில்லை. மா ஷ்வே என்று ஒருத்தி இருப்பது அவளுக்குத் தெரியாது. நீலா பிறந்ததும் தெரியாது. சபாபதி அவளிடம் சொல்லவில்லை, அண்ணனும் சொல்லவில்லை, ஒன்பது பகுதி எழுதிய நானும் சொல்லவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அதனால் நாளைக்குக் கப்பல் கிளம்பியதா, அதில் யார் யார் ஏறினார்கள் என்பதை நான் எழுதப்போவதில்லை. எழுத எனக்கு உரிமை இருந்தது, அதைப் போக்கிக்கொண்டேன்.

நீங்கள்தான் பாக்கி. இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், பொட்டு வைத்தவளுக்குத் தெரியாதது எல்லாம் உங்களுக்குத் தெரியும். அவளிடம் போங்கள். முதலில் பெயர் கேளுங்கள். பிறகு இரங்கூனில் ஒரு பிள்ளை இருக்கிறது, அதன் அம்மாவும் இருக்கிறாள், நீ கேட்டால்தான் பிள்ளை வருவாள் என்று சொல்லுங்கள். அவள் என்ன பதில் சொல்கிறாளோ, அதை நீலாவிடம் வந்து சொல்லிவிடுங்கள். பிள்ளை இன்னும் எழுந்திருக்கவில்லை, பொம்மை வீட்டின் முன்னால் அப்படியேதான் படுத்திருக்கிறாள்.